உன் கூப்பாட்டுக்கு வாய் கொடுத்தவள்

நேற்று லிங்கி சந்திப்பில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் ஏற்றிய லாரி ஒன்று என்னை உரசுவது போல் கடந்து போனது. அந்த நாற்றம் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மீன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தின் தகரத்தில் முதுகை ஒட்டி நின்றேன். லாரி போய்விட்டது, நாற்றமும் போய்விட்டது, நான் மட்டும் அசையவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்புறம்தான் எனக்கே உறைத்தது. உன் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இனி எந்தப் பக்கத்திலிருந்தும் நீ கூப்பிடப் போவதில்லை என்று மனசுக்குத் தெரிகிறது. உடம்புக்குத் தெரியவில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பது நம் தோட்டத்துக்கே தெரிந்த விஷயம்தானே. நாய் குரைத்தால் நின்றுவிடுவேன், இடி இடித்தால் பாயைப் போர்த்திக்கொள்வேன். அப்படிப்பட்டவளை நீ எதற்குள் இழுத்துவிட்டாய் என்று நினைத்தால் இப்போதும் உன்மேல் கோபம் வருகிறது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீயும் கோபக்காரிதான், பொறுத்துக்கொள்வாய்.

வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தை இப்போது அவசரகாலம் என்று எழுதுகிறார்கள். நமக்கு அது கம்யூனிஸ்ட் காலம். நம் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, வேலிக்கு ஒரே வாசல். நன்றாக விடிந்த பிறகுதான் திறப்பார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது, ஒரு துண்டு கருவாடு கூடாது, சீனி போட்ட காப்பிகூடக் கூடாது. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமாம். வாளிக்குள் கை விட்டுப் பார்ப்பார்கள், கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். அப்புறம் வெறும் வயிற்றோடு ரப்பர் மரங்களுக்குள் நுழைவோம். வாசலில் துப்பாக்கியோடு நின்ற போலீஸுக்கு நம்மேல் சந்தேகம். உள்ளே துப்பாக்கியோடு இருந்தவர்களுக்கும் நம்மேல் சந்தேகம். நடுவில் நாம் பால் வடியப் பட்டையைக் கீறி மரம் வெட்டினோம்.

நம்மை வேலை வாங்குகிற மண்டோர் என்றால் காட்டிலிருப்பவர்களுக்குத் தோட்டத்துத் துரையின் கை. மண்டோர் சுப்பையாவை அவர்கள் சுட்ட காலையில் நான் இரண்டு நெரை, இரண்டு மர வரிசை, தள்ளித்தான் நின்றேன். காய்ந்த கிளை முறிகிறது என்று நினைத்து அடுத்த மரத்துக்குப் போய்விட்டேன். அதற்கடுத்த மரத்தையும் வெட்டினேன். அதன் பிறகுதான் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. கிளை முறியும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வாய் உலர்ந்துபோகும்.

சுப்பையா போன பிறகு மண்டோர் வேலைக்கு ஆள் இல்லை. துரை சொல்லி அனுப்ப, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நின்ற ஆண்களை ஒவ்வொருவராகக் கணக்கு எழுதும் கிராணி கேட்டார். ஒருவருக்கு முழங்கால் வலி திடீரென்று வந்தது. ஒருவருக்கு மாமியார் கெட்ட கனவு கண்டிருந்தாள். சுப்பையா உயிரோடு இருந்தபோது அந்த வேலைக்காகக் கிராணி வீட்டுக்குக் கோழி கொண்டுபோன ஆள், தனக்குக் காது சரியாகக் கேட்காது என்று அன்றைக்குச் சொன்னார். யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

அப்போது நீ பெண்கள் வரிசையிலிருந்து, "நான் பாக்குறேன்" என்றாய்.

கிராணி சிரித்தார். "என்னத்தப் பாக்குற?"

"மண்டோர் வேலைய."

உன் முந்தானையைப் பிடித்து இழுத்தவள் நான்தான். அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். "ஒனக்குச் சாவு மேல ஆசையா புள்ள? ஆம்பளைங்களே வேணாம்னு விட்ட வேலைய எதுக்குப் போயி எடுக்கிற?" நீ வாளியை அடுத்த கைக்கு மாற்றினாய். பிறகு, "எனக்கும் பயந்தான்" என்றாய். "நேரஞ் சொல்ல ஆள் இல்லாம இந்தக் காட்டுக்குள்ள நிக்கிறேன் பாரு, அதவிட இது கொஞ்சம் கம்மியாப் பயமா இருக்கு." 

நேரம் சொல்வதுதான் மண்டோருடைய முக்கியமான வேலை. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுவது நின்றதா, மழை வருமா, வெயில் ஏறிவிட்டதா என்று பார்த்து, மேட்டில் நின்று "பாலே... பாலெடே..." என்று நீளமாக ஒரு கூப்பாடு போடுவார். கேட்ட முதல் ஆள் அதையே திருப்பிக் கூவுவான். அவனிடமிருந்து அடுத்தவன், அவனிடமிருந்து இன்னொருவன். அப்படித்தான் அது பள்ளத்தில் நிற்கும் கடைசி நெரைவரை போய்ச் சேரும். வாய் கொடுப்பது என்று அதற்கு நம் தோட்டத்தில் பெயர். ஆண்கள்தான் வாய் கொடுப்பார்கள். பெண்கள் காதால் வாங்கிக்கொண்டு வாளியைத் தூக்குவோம். யார் போட்ட சட்டமோ தெரியாது, யாரும் கேட்டதுமில்லை.

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்பதே முதலில் பெரிய சிக்கலாகிவிட்டது. நீ வேலை ஏற்ற அன்று காலையில் யாரோ ஒரு பெண் நல்ல மனசோடுதான், "மண்டோரம்மா வர்றாங்க" என்றாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த சுப்பையாவின் மனைவி சட்டென்று தலையைத் தூக்கினாள். அத்தனை வருடமும் மண்டோரம்மா என்றால் அவள்தானே. மண்டோருக்குப் பெண்டாட்டியாக இருந்தால் கூப்பிட ஒரு பெயர் இருந்தது. மண்டோராகவே இருப்பவளுக்கு நம் தமிழில் பெயர் இல்லை. அதற்கப்புறம் யாரும் உன்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. பெண்கள் "இந்தாம்மா" என்றார்கள். ஆண்கள் உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மரத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

உன் முதல் கூப்பாட்டை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ரப்பர் காட்டுக்குள் ஒரு பெண் கத்தினால் அதற்கு அர்த்தம் ஒன்று பாம்பு, இல்லையென்றால் ரத்தம். "பாலே" என்று நீ சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, பெண் குரல் என்பது மட்டும்தான் ஏறியது. நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் நாலைந்து பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். அந்தப் பையன்களின் விரல் விசையில் இருந்ததைப் பார்த்தேன். ஒருவன் விரல் தவறியிருந்தால் பால் எடுக்கக் கூப்பிட்டதற்காக நாங்கள் செத்திருப்போம். நீ மேட்டிலிருந்து இறங்கி வந்து, மூச்சு வாங்க, "பாலெடுக்கத்தான் கூப்புட்டேன்" என்றாய். ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ராசு மட்டும் சிரிக்கவில்லை. அவன் நெரை மேட்டுக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது. திருவிழாவில் அவன் கூவினால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும் என்பார்கள். அவன் வாய் கொடுக்காவிட்டால் அவனுக்குக் கீழே நிற்கும் யாருக்கும் ஒன்றும் போய்ச் சேராது. அவன் கத்தியைத் துடைத்துக்கொண்டே எல்லாரும் கேட்கச் சொன்னான்: "எங்கப்பன் மண்டோர் கூப்பாட்டுக்கு வாய் குடுத்தாரு. நானும் குடுத்தேன். பொம்பள கூப்பாட்டுக்கு வாய் குடுக்கிறதுக்கு நான் பொறக்கல."

அப்புறம் தினமும் அதுதான் நடந்தது. நீ கூப்பிடுவாய். கூப்பாடு ராசுவின் நெரைவரை போய் அங்கேயே செத்துப்போகும். அவனைப் பார்த்து மற்ற ஆண்களும் வாய் கொடுக்காமல் தங்களுக்குத் தோன்றிய நேரத்தில் பால் எடுத்தார்கள். பள்ளத்திலிருந்த பெண்களுக்கு எதுவும் கேட்காமல், நாம் எல்லாரும் கிளம்பிய பிறகும் அவர்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருநாள் ஊரடங்குச் சங்கு ஊதப் போகிற நேரத்தில் நீ தனியாக அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி அவர்களைக் கூட்டி வந்தாய். வேலிக்குள் வந்த பிறகு நீ அவர்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாய்.

மறுநாள்தான் நீ என்னிடம் கேட்டாய். "நீ வாய் குடேன் புள்ள. ஒன் நெரைக்குக் கீழதான் பொம்பளைங்க எல்லாம் இருக்காங்க."

"நானா? எனக்குக் கோழிய வெரட்டவே சத்தம் வராது."

"கோழி ஒன்னச் சுடாது. அதான் வரல."

நீ கேலி செய்தால் எனக்குத் தாங்காது, தெரிந்தே செய்தாய். வீட்டில் நான் பேசுவது வாசலுக்குக் கேட்டால் என் அப்பா விறகைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்படி வளர்ந்த தொண்டை. வாளிக்குள் முகத்தை விட்டுக் கத்திப் பழகச் சொன்னாய். புளித்த பால் வாடையில் எனக்குக் குமட்டியது. முதல் நாள் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு அடுத்த நெரைக் கிழவி, "என்னாடி, முள்ளு குத்திருச்சா?" என்று கேட்டாள். ஆனாலும் அது பள்ளத்துப் பெண்களுக்குக் கேட்டது. அவர்கள் வாளியைத் தூக்கினார்கள். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் ஒரே ஒரு வாய் பதில் சொன்னது. அதுவும் நடுங்கிக்கொண்டு.

அந்தக் காலைக்கு வருகிறேன். இதுவரை சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

பனி இன்னும் மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டிருந்தது. மங்குகளில் பால் பாதிகூட இறங்கவில்லை. மேட்டிலிருந்து உன் சத்தம் வந்தது. பால் கூப்பாடு இல்லை. "எல்லாரும் மேட்டுக்கு வாங்க... எல்லாரும் மேட்டுக்கு வாங்க..." நீ அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. நான் வாயைத் திறந்தேன். பழக்கம். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் ராசுவின் நெரையும் சத்தமில்லாமல் இருந்தது. நீ மறுபடி கூப்பிட்டாய். இந்தத் தடவை உன் குரல் நடுவில் உடைந்தது.

உடைந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, உன் முதுகில் துப்பாக்கி இருக்கிறது என்று. நான் வாய் கொடுத்தால் பள்ளத்துப் பெண்கள் எல்லாரும் மேட்டுக்கு வந்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் உன்னை என்ன செய்வார்கள்? யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "முனீஸ்வரா, முனீஸ்வரா" என்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். பட்டையில் வடிந்த பால் என் கன்னத்தில் ஒட்டி இறுகியது. வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மூன்றாவது முறையும் நீ கூப்பிட்டாய். பிறகு ஆண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம்.

நீ மரங்களுக்கு நடுவில் இறங்கி வந்தாய். தலையிலிருந்த துணியைக் காணோம். என்னைத் தாண்டிக்கூட இரண்டு அடி போய்விட்டாய், பிறகு நின்றாய்.

"யாரும் வரல" என்றாய். "நல்லவேள, ஒருத்தரும் வரல."

நீ சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன். வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் நம் தமிழன், ஏதோ தோட்டத்துப் பிள்ளை, உன்னைவிட இளையவன். மண்டோர் எங்கே என்று கேட்டிருக்கிறான். நான்தான் என்றிருக்கிறாய். அவன் மற்ற இருவருக்கும் மலாயில் சொல்ல, அவர்கள் உன்னை மேலும் கீழும் பார்த்திருக்கிறார்கள்.

"எல்லாரையும் கூப்புடு. நாலு பேருக்கு முன்னாடி ஒங்கிட்டப் பேசணும்" என்றானாம். சுப்பையாவிடம் அவர்கள் பேசியது என்ன என்று உனக்குத் தெரியும்.

"கூப்புடுறேன். வர மாட்டாங்க."

"ஏன்?"

"நான் பொம்பள. பாலெடுக்கக் கூப்புட்டாலே ஒருத்தனும் வாய் குடுக்கிறதில்ல. தொர ஆளு கெடைக்காம என்ன நிறுத்தி வச்சிருக்காரு."

"பாக்கலாம். கூப்புடு."

நீ மூன்று தடவை கூப்பிட்டாய். ரப்பர் காடு முழுக்க ஒரு வாய் திறக்கவில்லை. அந்தத் தமிழன் காத்திருந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தானாம். "இதச் சுட்டா நம்மளத்தான் சிரிப்பாங்க. போம்மா, போயி அடுப்பப் பாரு." உன் தலைத்துணியைப் பறித்துத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சொல்லி முடித்ததும் நீ என் நெரையிலேயே உட்கார்ந்து அழுதாய். பயந்து அழுகிறாய் என்று முதுகைத் தடவினேன். என் கையைத் தட்டிவிட்டாய்.

"நான் சொன்னது பொய்யா இருந்திருந்தா இந்நேரம் செத்திருப்பேன் புள்ள. நெசமா இருக்கப் போயித்தான் ஒக்காந்திருக்கேன்." தரையிலிருந்த சருகை அள்ளி அள்ளி எறிந்தாய். "நெசத்தச் சொல்லித் தப்பிச்சதுக்கு இம்புட்டு அசிங்கமா இருக்கும்னு நெனைக்கல."

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. யார் போய்ச் சொன்னார்களோ, மதியத்துக்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர். எல்லாரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள். துரை ஒரு ஓரமாக நின்றார். அதிகாரி கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார்.

"சுப்பையாவச் சுட்டாங்க. ஒன்ன மட்டும் ஏன் விட்டாங்கன்னு கேக்குறாரு. நீ அவங்களுக்கு என்னா குடுக்கிறேன்னு கேக்குறாரு."

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று களத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். தடுப்பு முகாம். அதற்கப்புறம் நாடு கடத்தும் கப்பல். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நாம் பார்த்ததில்லை. உன் புருஷன் ஸ்டோர் வாசலில் ரப்பர் ஷீட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். கீழே போட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

காலையில் துப்பாக்கிக்காரர்களிடம் சொன்னதையே நீ மறுபடி சொன்னாய். நான் பொம்பள, என் கூப்பாட்டுக்கு எந்த ஆம்பளையும் வாய் கொடுப்பதில்லை, அதனால் என்னை ஒரு ஆளாகவே நினைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று. கிராணி மொழிபெயர்த்தார். அதிகாரி ஆண்கள் வரிசையைப் பார்த்துக் கேட்டார். "இவ சொல்றது நெசமா? இவ பேச்ச நீங்க கேக்கறதில்லையா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீ சொன்னது பொய் என்றால் உன்னை ஜீப்பில் ஏற்றுவார்கள். நிஜம் என்றால் துரை நிறுத்திய ஆளை மதிக்காத குற்றம், துரை எதிரிலேயே நிற்கிறார்.  அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு போலீஸ்காரன் உன் பக்கமாக நகர்ந்தான்.

ராசு ஒரு அடி முன்னால் வந்தான்.

"நெசந்தான் தொர. இவ கூப்பாட்டுக்கு நான் ஒருநாளும் வாய் குடுத்ததில்ல. இங்க எவனும் குடுத்ததில்ல. பொம்பள சொல்லி நாங்க கேக்க மாட்டோம்." கிராணி அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். "சொல்லுங்க கிராணி. நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றான். அவன் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது.

கிராணி பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார். "நீ?" நான் தலையை ஆட்டினேன், நானும் இல்லை என்று. அந்தக் களத்தில் அன்று பொய் சொன்னவள் நான் ஒருத்திதான்.

அதிகாரி துரையைப் பார்த்து ஏதோ சொன்னார், சிரித்தார். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. ஜீப் உன்னை ஏற்றாமல் கிளம்பியது. ஒரே நாளில் இரண்டு துப்பாக்கிக் கூட்டம் உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. அந்தச் சிரிப்புதான் உன்னைப் பிழைக்க வைத்தது. நீ களத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு எல்லாரும் போகும்வரை நின்றாய். ராசு உன்னைக் கடந்து போனபோது நிமிர்ந்து பார்த்தாய். அவன் பார்க்கவில்லை.

மறுநாள் நீ வர மாட்டாய் என்று நினைத்தேன். வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். விடிந்ததும் வாசலில் உனக்கு முன்னால் நின்று கெஞ்சினேன். "போதும் புள்ள. கத்திய எடுத்துக்க, மரம் வெட்டிக்கிட்டுக் கெட."

"இன்னைக்கு நான் வரலன்னா அவங்க சிரிச்சது சரின்னு ஆயிடும்" என்றாய்.

அன்று வெயில் ஏறும்வரை என் கை வெட்டிய மரத்தையே மறுபடி வெட்டியது. பால் இறங்கி நின்றது. மேட்டிலிருந்து நீ கூப்பிட்டாய். "பாலே... பாலெடே..." குரல் அவ்வளவு சரியாக இல்லை. நான் மூச்சை இழுப்பதற்குள் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராசுவின் சத்தம் எழுந்தது. ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும் சத்தம். "பாலே... பாலெடே..." அவனைத் தொடர்ந்து அடுத்த நெரை, அதற்கடுத்த நெரை, முழங்கால் வலிக்காரர், காது கேட்காதவர் எல்லாரும். கடைசிப் பள்ளம்வரை போயிற்று. நிறுவைக்கு வந்தபோது ராசு வாளியை இறக்கி வைத்துவிட்டு உன்னை நேராகப் பார்த்து, "மண்டோர், மேட்டு ஆளுங்க எல்லாம் வந்தாச்சு" என்றான். அம்மா சேர்க்கவில்லை. வெறும் மண்டோர்.

பெண்கள் எல்லாம் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  நேற்றுவரை உன்னைச் சுடுவது தோட்டாவுக்கு நஷ்டம் என்று நினைத்தவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்களே. காட்டுக்குள் எங்கோ உட்கார்ந்து அவர்களும் கேட்டிருப்பார்கள்தானே. சாயங்காலம் குழாயடியில் அதை உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீயே முந்திக்கொண்டாய். குடத்தை நிரப்பிக்கொண்டே, சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் பிடிபடாத ஒரு முகத்தோடு சொன்னாய்: "இப்பத்தான் புள்ள நான் மண்டோரு. இனிமே வந்தா சுட்ருவாங்க."

அப்புறம் எத்தனை வருடம். தலையை எண்ணி உள்ளே விட்டார்கள், தலையை எண்ணி வெளியே விட்டார்கள். நீ தினமும் கூப்பிட்டாய். அவர்கள் இரண்டு தடவை நம் மரங்களைப் பட்டையோடு வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனார்கள். ஒரு தடவை உன் நிறுவைக் கொட்டகையைக் கொளுத்தினார்கள். அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் நீ கூப்பிட்டாய். பிறகு நம் பக்கம் ஆபத்தில்லை என்று சொல்லி ஊரடங்கை எடுத்தார்கள், காப்பி கொண்டுபோகலாம் என்றார்கள். அதற்கடுத்த மாதமே மண்டோர் வேலை கேட்டு ஆண்கள் கிராணி வீட்டுக்குக் கோழியோடு போனார்கள். பள்ளிக்கூடம் முடித்து வந்த ஒருவனைத் துரை நியமித்தார். உனக்கு உன் கத்தியும் பழைய நெரையும் திரும்பக் கிடைத்தன. "சாகறதுக்கு ஆள் தேவப்பட்டப்ப நான் பொம்பளன்னு யாருக்கும் ஞாபகம் வரல" என்று ஒரு தடவை சொன்னாய். ஒரே ஒரு தடவைதான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு நீ என்னை மன்னித்தாயா என்று நான் கேட்டதில்லை.

போன வருடம் உன்னைப் பார்க்க வந்தபோது நீ கட்டிலோடு இருந்தாய். உன் மகள் மருந்து எடுக்க எழுந்து போனதும், வெகுநாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டாய்.

"அப்பல்லாம் பயந்துக்கிட்டேதான வாய் குடுத்த?"

ஆமாம் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? ராசு வாய் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் உன் சத்தம் என் நெரைக்கு வந்து சேர்ந்ததும் எனக்குள் ஒன்று நின்றுவிடும். நான் வாய் கொடுத்தால் நீ மண்டோர். கொடுக்காமல் விட்டால், நான் மட்டும் இல்லை, எல்லாரும் விட்டுவிட்டால், நீ ஒன்றுமில்லாதவளாகி உயிரோடு இருப்பாய். ஒவ்வொரு காலையும் அந்த இரண்டும் என் தொண்டையில் வந்து நிற்கும். அப்புறம்தான் வாயைத் திறப்பேன். இதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். "தெரியும் புள்ள. எல்லார் சத்தமும் வந்து முடிஞ்ச பெறகு, கடைசியா ஒண்ணு வரும். அது வர்ற வரைக்கும் நான் மேட்டுல நிப்பேன்."